யாழ்ப்பாணத்து வீடுகளில் உயர்விலைக் கிற்றார்கள்

வியாழன், கொழும்பிலிருந்து வடக்கே

நல்லதோர் அக்கூஸ்ரிக் கிற்றார் வாங்கவேண்டும் என்று நெடுநாளாகச் சேர்த்துவந்த பணம், தீர்மானத்தை இனியும் தள்ளிப்போட முடியாத தொகையாக வளர்ந்துவிட்டது. மார்ட்டின், கிப்சன், ரெய்லர், லௌடன் ஆகிய நிறுவனங்களின் கிற்றார்களை இணையத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆயினும் ஒலிவாங்கிக்கும் கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கிக்கும் இடையில் நசுங்கி வந்த ஓசையை நம்பி 3,000, 4,000 அமெரிக்க டொலரை எடுத்துக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. இந்த நான்கையும் அருகருகே வைத்து வாசித்துப் பார்க்கக்கூடிய கடை எதுவும் கொழும்பில் எனக்கு அகப்படவில்லை. அவை யாழ்ப்பாணத்தில், வீடுகளில் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து, அடுத்த வருகைவரை இருக்கட்டும் என்று விட்டுச் சென்ற கருவிகள் அவை. என்னிடம் முன்பு கிற்றார் பயின்று இப்போது கொக்குவிலில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் தம்பி ஒருவர், அவ்வாறான வீடுகளைத் தேடிப்பிடித்து, எல்லோரிடமும் எனக்காக அனுமதியும் வாங்கி வைத்திருக்கிறார்.

புகையிரதத்தில் என்னோடு வருவது பழைய கிற்றார் அல்ல, ஒரு சிறிய பை. அதனுள் ஒரே நிறுவனத்தின், ஒரே தடிப்புள்ள தந்திக் கட்டுகள் இருக்கின்றன. பொஸ்பர் பிரொன்ஸ் தந்திகள், தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் 12 முதல் 53 பங்கு வரையான வகை. அத்துடன் அரை மில்லிமீற்றர் காட்டும் இரும்பு அளவுகோல், ஈரப்பதமானி, சுருதி பார்க்கும் கருவி, கழுத்தில் பூட்டிச் சுருதியை ஏற்றும் கப்போ என்ற கவ்வி ஆகியவை. ஒரு கிற்றாரில் நேற்றுப் போட்ட தந்தியும் இன்னொன்றில் போன வருடம் போட்ட தந்தியும் இருக்கும்போது அவ்விரண்டையும் ஒப்பிடுபவர் தந்திகளையே ஒப்பிடுகிறார், மரத்தையோ வேலைப்பாட்டையோ அல்ல. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் உரியவரின் சம்மதத்தோடு புதுத் தந்தி போட்டு, ஓர் இரவு இழுபட விட்டு, அதன் பிறகே தீர்ப்புச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆனையிறவைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மாதம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே வந்தேன். நமது ஈரக் காற்றில் வாழப்போகும் ஒரு கிற்றாரை மாரியில் கேட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

வெள்ளி, சுண்டுக்குளி

முதலாவதாகப் பார்த்தது மார்ட்டின் டி-28. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில், காற்றோட்டமான முன்னறையில், கடினமான பெட்டிக்குள் இருந்தது. "நான் இதை வாசிக்கிறேல்லைத் தம்பி, மகன் வந்தால்தான் பெட்டி திறக்கிறது" என்றார். ஆனாலும் பெட்டியைக் கட்டிலின் கீழே தள்ளாமல், சுவரோடும் சாத்தாமல், நிலத்திலிருந்து உயர்த்தி ஒரு வாங்கின்மேல் வைத்திருந்தார். மாஸ்ரரின் கவனம் அந்த ஒன்றிலேயே விளங்கியது.

மார்ட்டின் நிறுவனம் 1833இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே பென்சில்வேனியாவின் நசரெத் என்ற ஊருக்குப் பெயர்ந்தது. அகன்ற இடுப்பும் சதுரத் தோளும் உள்ள இந்தப் பெரிய உடலமைப்பை அவர்கள் 1916இல் டிட்சன் என்ற வணிக நிறுவனத்துக்காகச் செய்தார்கள். தங்கள் சொந்தப் பெயரில் 1931இல்தான் வெளியிட்டார்கள். 1906இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்த ட்ரெட்நோட் போர்க்கப்பலின் பெயரே இந்த உடலமைப்புக்கும் வைக்கப்பட்டது. டி-28இன் மேற்பலகை சிற்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். பின்பலகையும் பக்கங்களும் ரோஸ்வூட். 1969 வரை அது பிரேசில் நாட்டு ரோஸ்வூட்டாக இருந்தது. அதற்குப் பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நமது தோதகத்தியே, அதாவது ஈட்டியே, அந்த இடத்தைப் பிடித்தது. ஊதா கலந்த மண்ணிறத்தில் நேர்கோடுகள் ஓடிய அந்தப் பின்பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் அலமாரிகளில் கண்ட அதே மரம் என்பது உடனே தெரிந்தது.

அறையின் ஈரப்பதம் 81 வீதம் காட்டியது. கிற்றார் செய்பவர்கள் விரும்புவது 45 முதல் 55 வரை. 12ஆவது ஃபிரெற்றின், அதாவது விரற்பலகையில் குறுக்கே பதித்த 12ஆவது உலோகக் கம்பியின், மேல் தடித்த தந்தியின் உயரம் 3 மில்லிமீற்றர் இருந்தது, 2.4 அளவில் இருந்தால் கை இலகுவாக ஓடும். இது கருவியின் குறையன்று. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நார் ஓடும் திசையில் ஏறத்தாழ மாறாமல், குறுக்குத் திசையில் விரிகிறது. கீழே ஒட்டப்பட்டுள்ள தாங்குகோல்கள் அந்த விரிவுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே மேற்பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது, அதனோடு தந்திகள் பூட்டப்பட்ட பிரிட்ஜும் தந்தியும் உயர்கின்றன. மாரி முடிந்து தை, மாசியில் காற்று உலரும்போது இதே கிற்றார் தானாகவே இறங்கிக்கொள்ளும். இதனை மாஸ்ரருக்கு விளக்கியபோது, மகன் ஒவ்வொரு தடவையும் வேறு மாதத்தில் வந்து "ஒருக்கால் நல்லா இருக்கு, ஒருக்கால் இறுகிக் கிடக்கு" என்று சொன்னதன் காரணம் இப்போதுதான் புரிகிறது என்றார்.

ஒலியைப் பற்றிச் சொல்லவேண்டும். தாழ்ந்த ஈ தந்தியை மட்டும் ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருந்தேன். அடி ஒலி முதலில் எழுந்தது. அதற்குச் சற்றுப் பின்னே, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல, அதன் மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஆறு தந்தியையும் சேர்த்து வீசி அடித்தால் அறை நிறைகிறது. குழுவாகப் பாடுபவர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கிற்றார் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் இதனை மிஞ்சுவது கடினம். அதே அடி ஒலி, ஆண்குரல் தாழ்ந்து பாடும்போது அந்தக் குரல் நிற்கும் இடத்திலேயே போய் நிற்கிறது. மாஸ்ரர் மெல்லப் பாடிக் காட்டினார். நான் கையின் பலத்தைப் பாதியாகக் குறைத்தபோதுதான் அவருடைய சொற்கள் கேட்டன.

சனி, கொக்குவில்

தம்பியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரெய்லர் 814 இருக்கிறது. குளிரூட்டிய அறை, ஈரப்பதம் 52. இங்கே அளவுகோலுக்கு வேலையே இருக்கவில்லை. தந்தி எந்த உயரத்தில் இருக்கவேண்டுமோ அந்த உயரத்தில் இருந்தது.

ரெய்லர் 1974இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. இந்த 814இன் மரங்களும் டி-28இன் மரங்களே: மேலே சிற்கா ஸ்புரூஸ், பின்னே இந்திய ரோஸ்வூட். ஆயினும் இரண்டையும் கேட்டவர் ஒரே மரம் என்று சொல்லமாட்டார். உடல் சற்று ஒடுங்கிய இடுப்புக் கொண்டது. உள்ளே மார்ட்டினின் எக்ஸ் வடிவத் தாங்குகோல்களுக்குப் பதிலாக, 2018இல் ரெய்லரின் வடிவமைப்பாளர் அன்டி பவர்ஸ் அறிமுகப்படுத்திய வி வடிவத் தாங்குகோல்கள் உள்ளன. தந்தி ஓடும் திசையில் பலகையை விறைப்பாகவும் இரு பக்கமும் நெகிழ்வாகவும் வைத்திருப்பதே அதன் நோக்கம். பயன் காதுக்குத் தெரிகிறது. கழுத்தின் மேற்பகுதியில் பிடிக்கும் கோர்ட்டுகள்கூட, அதாவது ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்கூட, ஒன்றோடொன்று உரசாமல் சுத்தமாக நிற்கின்றன. ஒலிவாங்கியின் முன்னே எந்தத் தந்தியும் மற்றதைவிட முந்திக்கொண்டு வருவதில்லை. "அண்ணா, இதுக்கு மிக்ஸிங்கில ஒரு வேலையும் இல்லை" என்று தம்பி பெருமையோடு சொன்னார். ஒலிப்பதிவாளர் அப்படித்தான் மதிப்பிடுவார். எனக்கோ, எல்லாத் தந்தியும் ஒரே அளவில் பேசும் அந்த ஒழுங்கு, தனியே அமர்ந்து வாசிக்கும்போது சிறிது நேரத்திலேயே காதைச் சலிக்கச் செய்தது.

கழுத்து இணைக்கப்பட்டுள்ள முறையையும் பதிவு செய்யவேண்டும். மார்ட்டினில் கழுத்து உடலோடு பொருத்துமூட்டாகப் பூட்டி ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுகள் பல சென்று கோணம் மாறினால், ஆவி பாய்ச்சிப் பசையை இளக்கிக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ரெய்லர் 1999 முதல் செய்யும் கழுத்தை ஆணிகளைத் தளர்த்திக் கழற்றி, மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றை மாற்றிவைத்துக் கோணத்தைத் திருத்தலாம். ஈரமும் வெயிலும் மாறிமாறி வரும் இந்த ஊருக்கு அது சிறிய வசதியன்று.

விரற்பலகையின் கருங்காலியில் மண்ணிற வரி ஒன்று ஓடுவதைக் காட்டி, இது தரம் குறைந்த மரமா என்று தம்பி கேட்டார். அப்படியல்ல. ரெய்லரும் ஸ்பெயினின் மடின்ரர் நிறுவனமும் 2011இல் கமரூனில் கருங்காலி ஆலை ஒன்றை வாங்கியபோது, வெட்டப்படும் பத்து மரங்களில் ஒன்றுதான் முழுக் கருமையாக இருக்கும் என்பதும், மற்றவை விலைபோகாது என்று காட்டிலேயே விடப்பட்டன என்பதும் வெளியே வந்தன. அதன் பின்னரே வரியோடிய கருங்காலியை உயர்ந்த வகைகளிலும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உலகத்தின் மிக நேர்த்தியான கருங்காலிகளுள் ஒன்று வளர்ந்த நாடு இலங்கை. இன்று அது பாதுகாக்கப்பட்ட மரம். நமது காடு எப்படிக் காலியானது என்பதை நினைத்தால், அந்த மண்ணிற வரி எனக்கு அழகாகவே படுகிறது.

ஞாயிறு, குருநகர்

காலைத் திருப்பலி முடிந்த பின்னர் பாடகர் குழுவின் கிற்றாரைப் பார்க்க அழைத்திருந்தார்கள். வெளிநாட்டில் வாழும் குடும்பம் ஒன்று குழுவுக்கு அன்பளித்த கிப்சன் ஜே-45 அது. தோள்பட்டை வழுக்கிச் சரிந்த உடல், மகோகனிப் பின்பலகை, மண்ணிறத்திலிருந்து மஞ்சளுக்கு மங்கிவரும் மேற்பலகை. குழுவை நடத்தும் அண்ணை அதனை வாரந்தோறும் வாசிக்கிறார். விரற்பலகையில் அவருடைய விரல்கள் படும் இடங்கள் வெளிறியிருந்தன. யாழ்ப்பாணத்தில் கிற்றாருக்கு உண்மையான வேலை கிடைக்கும் இடங்களில் கரையோரத்துத் தேவாலயங்கள் முதன்மையானவை. இங்கே கிற்றார் காட்சிக்கு இருப்பதில்லை, தொழிலுக்கு இருக்கிறது.

ஜே-45 தொடங்கியது 1942இல், மிச்சிகனின் கலமசூவில். அன்றைய விலை 45 டொலர் என்பதே பெயரில் நிற்கும் எண். 1989 முதல் மொன்ரானா மாநிலத்தின் போஸ்மனில் செய்யப்படுகிறது. இதில் தந்தி அதிரும் நீளம் ஏறத்தாழ 629 மில்லிமீற்றர். மார்ட்டின் டி-28இல் 645. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், கிப்சனில் இழுவிசை ஏறத்தாழ 5 வீதம் குறைவு. மெல்லிய தந்திக் கட்டு ஒன்று மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் நிலையில் இது விரலுக்கு நன்றாகவே தெரியும் வேறுபாடு. தந்தியை விரலால் தள்ளிச் சுரத்தை அசைப்பது எளிதாகிறது. நமது கமகத்தைக் கிற்றாரில் கொண்டுவர முயல்பவர்களுக்கு இந்த 16 மில்லிமீற்றர் பெரிய உதவி.

இழையும் மேற்சுரங்கள் இதில் குறைவு. அடித்தவுடன் ஒலி முழுமையாக எழுந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அடங்குகிறது. டி-28இல் முந்தைய கோர்ட்டின் எச்சம் அடுத்த கோர்ட்டின்மேல் படர்கிறது. இங்கே ஒவ்வொன்றுக்கும் நடுவே சிறு வெளி இருக்கிறது. அந்த வெளியில்தான் பாடுபவரின் மெய்யெழுத்துகள் விழுகின்றன. தமிழில் வல்லினம் தெளிவாகக் கேட்காவிட்டால் பாட்டின் பொருளே கலைந்துவிடும் என்பதால் இதனை முதன்மையாகக் கருதுகிறேன். அண்ணை அடிக்க, குழுவிலிருந்த பெண்பிள்ளைகள் பாட, நான் பின்வாங்கில் இருந்து கேட்டேன். ஒலிபெருக்கி இல்லாமலே ஒவ்வொரு சொல்லும் வந்து சேர்ந்தது. பிறகு நான் அடிக்க, அண்ணை பின்னே போய்க் கேட்டார். "கிட்ட இருந்து கேட்கிறதிலும் பார்க்கத் தூர இருந்து கேட்கத்தான் நல்லா இருக்கு" என்றார். வாசிப்பவரின் காதுக்குப் பெரிதாகத் தெரியும் கிற்றார் பின்வரிசைக்கும் பெரிதாகவே போய்ச் சேரும் என்பதில்லை. கடையில் மடியில் வைத்து மட்டும் கேட்டு வாங்குபவர்கள் இதனை ஒருபோதும் அறியமாட்டார்கள்.

கடலின் உப்பு இங்கே தந்தியை எவ்வளவு விரைவாகத் தின்கிறது என்பதை அண்ணை சொன்னார். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்துவிட்டே பெட்டியை மூடுகிறார். சுருதி முறுக்கிகளின் உலோகத்திலும் பச்சை படர்வதால் அவற்றையும் விடுவதில்லை.

திங்கள், நல்லூரும் இணுவிலும்

நல்லூரில் ஒரு மருத்துவர் அக்காவிடம் லௌடன் ஓ-25 இருக்கிறது. இலண்டனில் பணிபுரிந்த காலத்தில் வாங்கி, திரும்பி வரும்போது தம்மோடு கொண்டுவந்தது. ஜோர்ஜ் லௌடன் 1974 முதல் வட அயர்லாந்தில் கிற்றார் செய்கிறார். இதன் மேற்பலகை ஸ்புரூஸ் அல்ல, சிவந்த நிறச் சீடர் மரம், பின்னே ரோஸ்வூட். பளபளப்பற்ற மெல்லிய பூச்சு. கழுத்து ஐந்து மரப்பட்டிகளை ஒட்டிச் செய்யப்பட்டது. ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். பிரிட்ஜின்மேல் தந்திகள் ஏறி நிற்கும் சாடில் என்ற சிறு பட்டி இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு தந்தியும் சுருதி பிசகாமல் நிற்பதற்காக.

நகத்தால் தொட்டாலே போதும், ஒலி எழுகிறது. ஸ்புரூஸ் பலகையைச் சற்று உழைத்துத்தான் எழுப்பவேண்டும். சீடர் தானாக எழுகிறது. தந்திகளின் சுருதியைத் தாழ்த்தி, விரல்களால் மட்டும் மெதுவாக ஓர் ஆலாபனைபோல வாசித்தபோது, இத்தனை நாளும் கேட்டவற்றில் இல்லாத நிறங்கள் வந்தன. ஆனால் பலமாக அடித்தால் ஓர் எல்லைக்குமேல் ஒலி வளர மறுக்கிறது, கலங்குகிறது. அக்காவும் அதனை அறிந்தே வைத்திருக்கிறார். இரவுப் பணி முடிந்து வந்து யாரையும் எழுப்பாமல் வாசிப்பதற்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்றார். தனியாக வாசிப்பது ஒன்றே என் தொழிலாக இருந்தால் தேடலை இங்கேயே முடித்திருப்பேன்.

பிற்பகல் இணுவிலுக்குப் போனோம். நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஊர் அது. அங்கே இசைக்கருவிகள் திருத்தும் பெரியவர் ஒருவரின் பட்டறையில், உலகப் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் விலையுயர்ந்த கிற்றார் பிரிட்ஜ் கழன்ற நிலையில் கிடந்தது. மூடிய வாகனத்துள் வெயிலில் விடப்பட்டுப் பசை இளகியதால் வந்த வினை. பெரியவர் அவசரப்படவில்லை. பழைய பசையை முழுக்கச் சுரண்டி, பலகை உலரும்வரை நாட்கணக்கில் காத்திருந்து, பிறகே ஒட்டுவாராம். ஈர மரத்தில் ஒட்டியது நிற்காது என்பது அவருடைய உறுதி.

அவரோடு பேசியதே இந்தப் பயணத்தில் நான் அதிகம் கற்ற நேரம். பக்கத்தில் பலாமரத்தில் கடைந்த வீணை ஒன்று மெட்டுகளை, அதாவது தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் உலோகக் கம்பிகளை, பொருத்துவதற்காக இருந்தது. மெழுகும் கரியும் கலந்த படுக்கையில் 24 பித்தளை மெட்டுகளையும் காதால் கேட்டுக்கேட்டு நிறுத்துகிறார். மெழுகு தளர்ந்தால் மறுபடியும் கட்டலாம். கிற்றாரின் ஃபிரெற் அப்படியல்ல, விரற்பலகையில் அறுத்த பள்ளத்தில் அறைந்து இறுக்கியது. அது தவறினால் தவறியதுதான். ஆகவே கிற்றாரில் காது செய்யவேண்டிய வேலையைச் சாடிலின் சரிவும், கழுத்தின் நுனியில் தந்திகள் படியும் நட் என்ற பட்டியின் பள்ளமும் செய்யவேண்டியிருக்கிறது. பெரியவர் மாட்டெலும்பில் சீவிய சாடில் ஒன்றைக் காட்டினார். அடிப்பக்கம் முழுவதும் பலகையோடு படியவேண்டும், ஒரு தாள் போகும் இடைவெளி இருந்தாலும் ஒலி அங்கேயே நின்றுவிடும் என்றார். மாஸ்ரரின் டி-28க்கு மாரிக்காலத்துக்கென்று உயரம் குறைந்த இன்னொரு சாடில் செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதும் அவருடைய யோசனைதான். கழுத்தினுள் ஓடும் ட்ரஸ் ரொட்டை முறுக்கித் தந்தியைத் தாழ்த்த முயல்பவர்கள் பலர். அது கழுத்தின் வளைவைத் திருத்துவதற்கு உரியது, புடைத்த பலகைக்கு மருந்தன்று.

செவ்வாய், மீண்டும் கொக்குவில்

உரியவர்கள் நால்வரும் தங்கள் கிற்றார்களோடு வந்து சேர்ந்தது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. குளிரூட்டியை நிறுத்தி, எல்லாப் பெட்டிகளையும் திறந்து வைத்து, கருவிகள் அறைக்குப் பழகும்வரை பொறுத்திருந்தோம். எல்லாவற்றிலும் ஒரே வகைத் தந்தி. நடுவே ஒரு திரை. மருதனார்மடத்து நுண்கலைப் பீடத்தில் வாய்ப்பாட்டுப் பயிலும் தங்கை ஒருவர் பாட ஒப்புக்கொண்டார். அவருடைய சுருதி ஐந்து கட்டை. ஆகவே கப்போவை 5ஆவது ஃபிரெற்றில் பூட்டி டி கோர்ட்டின் வடிவத்தில் வாசித்தேன்.

கேட்பவர்களுக்குத் தெரிவிக்காமல் ஐந்தாவதாக ஒரு கிற்றாரையும் திரைக்குப் பின்னால் வைத்திருந்தோம். தம்பியின் மாணவர் ஒருவருடைய யமஹா எல்எல்-16 அது. ஏங்கல்மன் ஸ்புரூஸ் மேற்பலகையும் ரோஸ்வூட் பின்பலகையும் கொண்டது. மேற்பலகையை வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றால் பதப்படுத்திப் பழைய மரத்தின் தன்மைக்குக் கொண்டுவருகிறார்கள். விலை மற்றவற்றில் பாதியையும் எட்டாது. பெரியவரின் கையால் சாடிலும் நட்டும் அண்மையில் சீர்செய்யப்பட்டிருந்தது.

தங்கை கீரவாணி இராகத்தில் பாடியபோது திரைக்கு அப்பால் இருந்தவர்கள் சொன்னவற்றைச் சுருக்காமல் எழுதவேண்டும். குரலுக்கு மிக இசைவாக இருந்தது என்று பெரும்பாலோர் குறித்தது ஜே-45. அதற்கு அடுத்ததாக வந்தது யமஹா. மாஸ்ரர் அதனைத் தம் வீட்டு டி-28 என்றே எண்ணினார். உண்மையான டி-28ஐ ரெய்லர் என்று அண்ணை எழுதியிருந்தார். கப்போ இவ்வளவு மேலே ஏறியதும் மார்ட்டினின் அடி ஒலி, அதாவது அதன் முகமே, மறைந்துவிட்டது என்பது காரணம். பாட்டு இல்லாமல் விரலால் மெதுவாக வாசித்தபோதோ நிலைமை மாறியது. லௌடனை எல்லோரும் கண்டுகொண்டார்கள். யமஹாவில் நான் தொடுகையைக் குறைக்கக் குறைக்க ஒலி மெலிந்து வெறுமையானது. மற்ற நான்கிலும் மெல்லிய தொடுகைக்கும் உடல் இருந்தது. விலை கொடுத்து வாங்கும் வேறுபாடு பெரும்பாலும் அந்த மெல்லிய எல்லையில் இருக்கிறது. வாசிப்பவரின் விரல் அதனை உடனே அறிகிறது. கூட்டத்தில் இருந்து பாட்டைக் கேட்பவருக்கு அது அரிதாகவே எட்டுகிறது.

மகோகனிதான் குரலுக்கு ஏற்ற மரம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது என்பதை அங்கேயே சொன்னேன். ஜே-45க்கும் டி-28க்கும் இடையில் பின்பலகை மட்டுமன்றி உடல் வடிவம், தந்தி நீளம், உள்ளே உள்ள தாங்குகோல்கள் எல்லாமே வேறு. பின்பலகையை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும்படி 6 கிற்றார்களைச் செய்து, 52 வாசிப்பவர்களின் கண்ணை மறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் 2018இல் வெளியிட்டார்கள். பிரேசில் ரோஸ்வூட்டும் மகோகனியும் விலை குறைந்த மரங்களும் ஏறத்தாழ ஒரே தரமாகவே மதிக்கப்பட்டன. அதற்கும் மிக முன்னரே, 1862இல், அந்தோனியோ டி தொரஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞர் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்துக் காட்டியிருக்கிறார். அந்தக் கிற்றார் இன்றும் பார்சிலோனாவில் பாதுகாக்கப்படுகிறது. பின்பலகையின் அழகுக்காக ஆயிரம் டொலர் கூட்டிக் கொடுக்க விரும்புபவர் தாராளமாகக் கொடுக்கலாம். அது கண்ணுக்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்து கொடுக்கவேண்டும்.

தம்பி எல்லாவற்றையும் பதிவு செய்தார். பதிவில் ரெய்லர் முன்னுக்கு வந்தது. அறையில் அது முதலிடத்தில் இல்லை.

புதன், புறப்படும் முன்னர்

நான் வாங்கப்போவது ஜே-45. என் வேலை பாடுபவர்களுக்குப் பின்னால் இருந்து வாசிப்பது. டி-28இன் ஆழத்தை விட்டுக்கொடுப்பது எளிதன்று. ஆனால் பாடுபவருக்கு இடம் விடுவதற்காக ஒவ்வொரு பாட்டிலும் கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கவேண்டிய ஒரு கருவிக்கு என் சேமிப்பைக் கொடுக்கமாட்டேன். லௌடன் ஓ-25ஐ, பலமாக அடிக்கும் தேவை இல்லாத எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இப்போதுதான் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், யமஹா எல்எல்-16ஐ வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு சிறு பங்கை இணுவில் பெரியவரைப் போன்ற ஒருவரிடம் கொடுத்துச் சீர்செய்யச் சொல்வேன்.

ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் தைப்பொங்கலுக்குப் பிறகு வருகிறார், அவரிடமே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாரி ஓய்ந்திருக்கும் என்பதால் கருவி முதல் சில வாரங்களில் அதிர்ச்சி இல்லாமல் பழகிக்கொள்ளும். ஜே-45இன் விரற்பலகை ரோஸ்வூட் என்பதால் அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று அவர் கேட்டார். 2017இல் ரோஸ்வூட் இனங்கள் எல்லாம் அருகிவரும் இனங்களின் வணிகம் பற்றிய உடன்படிக்கைக்குள் வந்தபோது பலரும் அஞ்சினார்கள்; 2019 நவம்பர் முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வூட்டுக்கு அந்த விலக்கு இல்லை. பழைய கிற்றார்களை வாங்கி அனுப்ப நினைப்பவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

பெட்டிக்குள் வைக்கும் ஈரம் காக்கும் பொதிகளைப் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். அவை குளிர்நாட்டு வறட்சிக்கு நன்றாக உதவுகின்றன. 80 வீத ஈரத்தில் அடிக்கடி திறக்கப்படும் பெட்டிக்குள் அவை விரைவிலேயே நிறைந்துபோய்ப் பயனற்றுவிடும். கமரா வில்லைகள் வைக்கும் மின் உலர்பெட்டியின் பெரிய வகை ஒன்றை, அல்லது சிறிய ஈரநீக்கி வைத்த ஒரு மர அலமாரியை, கிற்றார் வருவதற்கு முன்பே ஆயத்தம் செய்யவேண்டும். கொழும்புக்குப் போனதும் நான் செய்யப்போகும் முதல் வேலை அந்த அலமாரிக்கு அளவெடுப்பது.